ஆறாவது பத்தி

இரவு பதினொன்று. தார்த்து நகரத்தில்
வெளிச்சம் இன்னும் முழுதாய்ப் படுக்கப் போகவில்லை.
பல்கலைக்கழகத்தின் மூன்றாம் மாடியில்
ஹெல்வே
அறுநூற்றுப் பதினோரு பிள்ளைகளோடு
தனியாக இருக்கிறாள்.

பிள்ளைகள் என்றால் வரிசைகள்.
ஒரு பிள்ளைக்கு ஆறு கட்டம்,
ஒரு கட்டத்துக்கு ஏழு வரை.
பெயர் கிடையாது. நாட்டின் மூன்றெழுத்து, பக்கத்தில் ஓர் எண்.

முதல் கணக்கின் பத்தியில்
ஏழுகள் புல் முளைத்தாற்போல் நெருக்கமாய்.
இரண்டாவதில் அங்கங்கே சொட்டை.
மூன்றாவதைப் பற்றிப் பேச வேண்டாம்.
நான்கில் மறுபடி மழை, ஐந்தில் தூறல்.
ஆறாவதில்
சுழி சுழி சுழி சுழி
ஓர் ஒன்று
சுழி சுழி
பாலத்திலிருந்து குனிந்து
எமாயோகி ஆற்றைப் பார்ப்பதுபோல் இருக்கிறது.

வெண்கலத்துக்கு எல்லை பதினாறு என்றால்
பதினைந்தில் நிற்பவர்கள் நாற்பத்து மூன்று பேர்.
பதினைந்து என்றால்
பதக்கக்காரர்கள் பாதியைத் தாண்டிவிடுகிறார்கள். விதி ஒப்பாது.
கோட்டை மேலே இழுக்கிறாள், கீழே இழுக்கிறாள்.
ஒரு சுட்டுவிரல் அசைவுக்கு
எங்கெங்கோ நாற்பத்து மூன்று வீடுகளில்
விளக்கு எரிந்து அணைகிறது.
தீர்மானிப்பது நாளை, குழுத் தலைவர்கள், கை தூக்கி.
நமக்குப் படம் வரைகிற வேலை மட்டும்தான்
என்று தனக்கே சொல்லிக்கொள்கிறாள், இரண்டு முறை.

அப்புறம் வந்தது அந்த வரிசை.
பராகுவே, நான்கு:

0 0 0 0 0 7

கோப்பைத்தான் முதலில் சந்தேகித்தாள்.
தூக்கக் கலக்கத்தில் யாரோ பத்தி மாற்றித் தட்டியிருப்பார்கள்.
ஆறாவதில் முழு மதிப்பெண் மொத்தம் ஐந்து பேருக்கு;
மற்ற நால்வரும் முப்பதுக்கு மேல்.
இந்தப் புள்ளி மட்டும் படத்தின் மூலையில்
புறம்போக்கு நிலம்போலக் கிடந்தது,
பட்டா இல்லாமல், வேலிக்கு வெளியே.

"அதை எடுத்துவிடு, கோடு நேராகும்," என்றான் உர்மாஸ்
வாசலில் நின்றபடி, சைக்கிள் தலைக்கவசத்தோடு.
அவனுக்கு வீட்டுக்குப் போக வேண்டும்.

ஹெல்வே பெட்டியைத் திறந்தாள்.

முதல் நாள் தாள். பெயர் எழுதக் கூடாது,
எழுதியிருந்தது: நிமியா காசெரெஸ்.
கேள்வியில் இருந்த ஒரு சின்ன 'இல்லை'யைக்
கண் தாண்டிவிட்டது.
யாரும் கேட்காத ஒரு கேள்விக்கு
நான்கு பக்கத்தில் பிசகில்லாத விடை.
அதற்கு மதிப்பெண் சுழி. சரிதான்.
சரி என்பதில் ஹெல்வேக்கும் சந்தேகமில்லை.
நாலரை மணி நேரமும் அங்கேயே கரைந்திருக்க வேண்டும்;
இரண்டும் மூன்றும் வெறும் தாள்.

இரண்டாம் நாள்
நான்கைத் தொடவில்லை, ஐந்தைத் தொடவில்லை.
பந்தியில் பாயசத்திலிருந்து தொடங்குகிறவள்போல
நேரே ஆறுக்குப் போயிருக்கிறாள்.
அடித்தல் திருத்தல் இல்லாத ஸ்பானிய வரிகள்.
கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் மட்டும்
குவரானி மொழியில் ஏதோ ஒன்று.
மதிப்பிட்டவர்கள் அதன்மேல் கேள்விக்குறி போட்டு
பிறகு அதையும் அடித்திருந்தார்கள்.

காலையில், கம்பு ரொட்டிக்கு நிற்கும் வரிசையில்
பராகுவேயின் துணைத் தலைவர் தெர்லிஸை மறித்துக் கேட்டாள்.
அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
படித்தார். தட்டைக் கீழே வைத்துவிட்டு
இன்னொரு தடவை படித்தார்.

"இந்த முறை கேள்வியை
மூன்று தரம் வாசித்தேன்."

புள்ளியை அவள் எடுக்கவில்லை.
கோடு கொஞ்சம் கோணலாகவே அச்சுக்குப் போயிற்று.

கைகள் உயர்ந்தன. எல்லை பதினாறில் நின்றது.
பெட்டியை மூடி, நாடாவை இறுக்கிக் கட்டும்போது
உள்ளே இருந்தார்கள்
பதினைந்தில் நின்ற நாற்பத்து மூன்று பேர்.
அவர்கள் தாளை அவள் பிரிக்கவே இல்லை.